ரசீது இல்லாத உழைப்பு

கேள்வி: எங்கள் சபையில் 17 வருடமாக ஞாயிறுதோறும் திருவிருந்து மேஜையை ஆயத்தம் செய்கிறேன். துணியைத் துவைத்து இஸ்திரி போடுவது, கிண்ணங்களைக் கழுவி அடுக்குவது, ஆராதனை முடிந்தபின் எல்லாவற்றையும் எடுத்துவைப்பது எல்லாம் என் பொறுப்பு. போன மாதம் சபையின் 75ஆம் ஆண்டு ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. போதகர் ஏறக்குறைய 40 பெயர்களை வாசித்து நன்றி சொன்னார். கட்டட நிதி கொடுத்தவர்கள், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் இருந்தார்கள். என் பெயர் இல்லை. சிரித்துக்கொண்டே கைதட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். "கர்த்தருக்குச் செய்ததற்கு மனுஷரிடம் கூலி கேட்கிறாயா? நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர் என்றுதானே சொல்லச் சொல்லியிருக்கிறது?" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரி என்று தோன்றுவதால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். யாரும் விசாரிக்கவில்லை. ஒரு இளம்பெண் மட்டும், "ஆன்ட்டி, வெள்ளைத் துணி எந்த அலமாரியில் இருக்கிறது?" என்று செய்தி அனுப்பினாள். பதில் போடவில்லை. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மூத்த அம்மா இப்போது படுக்கையில் இருக்கிறார். அவர் சபையில் இருந்திருந்தால் கவனித்திருப்பார். இத்தனை வருடம் நான் செய்தது பெருமைக்காகத்தானா? விட்டுவிடலாமா? வேறு சபைக்குப் போய்விடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 17 வருடம் என்றால் 884 ஞாயிறு. நடுவில் காய்ச்சல், கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்று ஐம்பது அறுபது விட்டுப்போயிருந்தாலும் எண்ணூறுக்குக் குறையாது. அத்தனை நாளும் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, அவர்கள் போனபிறகு போயிருக்கிறீர்கள். 40 பெயர் வாசிக்கப்பட்ட இடத்தில் உங்கள் பெயர் மட்டும் வராவிட்டால் வலிக்கத்தான் செய்யும். அது பெருமை இல்லை. பெருமைக்காரர்கள் 17 வருடம் யார் கண்ணிலும் படாமல் கிண்ணம் கழுவமாட்டார்கள், சீக்கிரமே மேடைக்குப் பக்கத்தில் ஒரு வேலையைத் தேடிக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் வலியைவிட வெட்கம்தான் எனக்கு அதிகம் தெரிந்தது. ஆலோசனைக்காக என்னிடம் வரும் சபை ஊழியர்கள் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: "இதையெல்லாம் பேசக்கூடாதுதான், ஆனாலும்..." மற்ற இடத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் மனக்குறையைச் சொல்ல வருகிறார்கள். சபையில் வேலை செய்பவர்கள் மனக்குறை இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள்.

அதனால் உங்கள் கணவர் சொன்ன வசனத்தையே எடுத்துக்கொள்வோம். லூக்கா 17:10. "நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்" என்று யார் சொல்லவேண்டும்? வேலையைச் செய்தவர், தன்னைப் பற்றி. இன்னொருவரைப் பார்த்து, "நீ அப்பிரயோஜனமானவள், பேசாமல் இரு" என்று சொல்ல அந்த வசனம் யாருக்கும் அனுமதி தரவில்லை. நீங்கள் சொல்லிக்கொண்டால் அது தாழ்மை. சபை உங்களைப் பார்த்துச் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

அப்புறம், அதே பக்கத்தில் அடுத்த வசனத்துக்கு வாருங்கள். குஷ்டரோகிகள் பத்துப்பேரின் சம்பவம் அங்கேதான் தொடங்குகிறது. பத்துப்பேரும் சுத்தமாகிறார்கள், ஒருவன் திரும்பி வந்து காலில் விழுந்து நன்றி சொல்கிறான், அவன் சமாரியன். இயேசு கேட்கிறார்: "சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?" தேவனை மகிமைப்படுத்த யாரும் திரும்பவில்லையே என்பதுதான் அவருடைய வருத்தம், சரி. ஆனாலும் வந்தவனோடு அவர் திருப்தியாகிவிடவில்லை. வராதவர்களை எண்ணிப் பார்த்தார், வாய்விட்டும் கேட்டார்.

இரண்டையும் லூக்கா அடுத்தடுத்து வைத்திருப்பது எனக்கு எப்போதும் யோசனையைத் தரும். முதலாவது, செய்கிறவர் எப்படி இருக்கவேண்டும் என்பது. இரண்டாவது, பெற்றுக்கொண்டவர் எப்படி இருக்கவேண்டும் என்பது. முதல் பகுதி ஊழியம் செய்கிறவர்களுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தப்படுகிறது. இரண்டாவதை "கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள்" என்ற அளவில் முடித்துவிடுகிறோம். கிண்ணத்தைக் கையில் வாங்கிக் குடித்த எல்லோரும் அந்தப் பத்துப்பேரில் இருக்கிறார்கள் என்று யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை.

பவுல் இந்த விஷயத்தில் கொஞ்சமும் கூச்சப்படாதவர். ரோமர் 16ஆம் அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். உட்கார்ந்து வாசித்தால் அது ஒரு நன்றியுரை. கெங்கிரேயா சபைக்கு ஊழியக்காரியான பெபேயாள் முதலில் வருகிறாள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள் என்கிறார். "எங்களுக்காக மிகவும் பிரயாசப்பட்ட மரியாளை வாழ்த்துங்கள்" என்கிறார். இந்த மரியாள் என்ன செய்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. பிரயாசப்பட்டாள், அவ்வளவுதான். எனக்கு என்னவோ அவளும் கிண்ணம் கழுவியிருப்பாள் என்று தோன்றும்.

அதே அதிகாரத்தில் இன்னும் ஒரு ஆள் இருக்கிறார். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர், பெயர் தெர்தியு. அந்த நீண்ட நிருபம் முழுவதும் அவர் கையெழுத்து. 22ஆம் வசனத்தில் திடீரென்று, "இந்த நிருபத்தை எழுதின தெர்தியு என்னும் நான் கர்த்தருக்குள் உங்களை வாழ்த்துகிறேன்" என்று அவரே உள்ளே வந்துவிடுகிறார். யாரும் அந்த வரியை அடிக்கவில்லை. நானும் இங்கே இருக்கிறேன் என்று ஒரு ஊழியக்காரர் சொன்னது இன்று வரைக்கும் வேதத்தில் இருக்கிறது. உங்கள் கணவரிடம் வாக்குவாதம் எதுவும் வேண்டாம். இந்த அதிகாரத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள், போதும்.

சரி, பெயர் ஏன் விட்டுப்போனது?

போதகருடைய மனதை என்னால் வாசிக்கமுடியாது. ஆனால் இப்படிப்பட்ட பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்பது தெரியும், நானே தயாரித்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் சபைக் குழுவில் நன்றியுரை என் பங்காக வந்தது. முந்தின இரவு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினேன். மறுநாள் ஒருவர் விடாமல் சொல்லிவிட்ட திருப்தியில் இறங்கினேன். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் சகோதரரை விட்டிருந்தேன். நான் பேசத் தொடங்கியதும் மைக் கரகரத்தது, அவர் ஓடிவந்து சரிசெய்துவிட்டுப் போனார், அந்த மைக்கில்தான் மற்ற எல்லோருக்கும் நன்றி சொன்னேன். மூன்று வாரம் கழித்து அவர் என்னைத் தனியாகப் பிடித்து, "பிரதர், உங்கள் லிஸ்டில் நான் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரை எனக்குப் பிடிக்காமல் இல்லை. அவர் வேலை ஒழுங்காக நடந்துகொண்டே இருந்ததால் அதை ஒரு வேலை என்றே நான் எண்ணவில்லை.

பிறகு யோசித்தபோது இன்னொன்றும் புரிந்தது. பணம் கொடுத்தவர்களில் ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை. ஏன்? ரசீதுப் புத்தகம் இருந்தது. பாடகர்களும் விட்டுப்போகவில்லை, அவர்கள் எதிரே நின்றார்கள். உழைப்புக்கு ரசீது கிடையாது. அதிலும் ஆராதனைக்கு முன்னும் பின்னும் நடக்கிற உழைப்பை, ஆராதனைக்கு மட்டும் வருகிறவர்கள் பார்ப்பதே இல்லை. மேஜை தானாகவே வெள்ளையாக விரிந்து நிற்கிறது என்றுதான் அவர்களுடைய கண் பழகியிருக்கிறது. ஆகவே உங்களைத் தள்ளிவைத்தார்கள் என்று நினைக்க அவசரப்படாதீர்கள். பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். அதுவும் குற்றம்தான், ஆனால் வேறு வகைக் குற்றம்.

மன்னிப்புக் கேட்டதோடு எங்கள் சபையில் ஒரு மாற்றமும் செய்தோம். நன்றிப் பட்டியலை இப்போது ஆட்களை நினைத்து எழுதுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்து எழுதுகிறோம். கதவைத் திறந்தது யார், விளக்கைப் போட்டது யார், நாற்காலி, தண்ணீர், மேஜை, குழந்தைகள், கணக்கு, குப்பை, கடைசியில் பூட்டியது யார். அப்படிப் போனால் சாவி வைத்திருப்பவரும் வருவார், துடைப்பம் வைத்திருப்பவரும் வருவார். உங்கள் போதகரிடம் இதைச் சொல்லலாம்.

நன்றி கேட்பது சிறுபிள்ளைத்தனமா என்றும் உங்கள் மனம் கேட்கும். ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டுகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் மேலாளர் நேரில் வந்து நன்றி சொன்னார், மற்றவர்களிடம் சொல்லவில்லை. நன்றி கேட்டவர்கள் அடுத்த வாரம் செய்த அழைப்புகள் ஏறக்குறைய பாதி அளவு கூடின. காரணத்தைத் தேடியபோது, நன்றி அவர்களுடைய தன்னம்பிக்கையை உயர்த்தியதால் அது நடக்கவில்லை என்று தெரிந்தது. தாங்கள் பிறருக்கு வேண்டியவர்கள் என்ற உணர்வுதான் காரணம். 75 வருடச் சரித்திரத்தைச் சொல்லும் நாளில் இந்தச் சபைக்கு நானும் வேண்டியவள் என்று கேட்க நினைத்தீர்கள். பாராட்டுக்கு ஏங்குவது வேறு, இது வேறு. கண் கையைப் பார்த்து "நீ எனக்கு வேண்டுவதில்லை" என்று சொல்லக்கூடாது என்று 1 கொரிந்தியர் 12 சொல்வதும் இதைத்தான்.

இனி உங்கள் பக்கத்தில் நான் உடன்படாத ஒன்று. அந்த இரண்டு ஞாயிறு.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, யார் தேடுகிறார்கள் என்று காத்திருந்தீர்கள். இதைச் செய்யாதவர்கள் சபையில் குறைவு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அது ஒரு பரீட்சை, பரீட்சை நடக்கிறது என்பது எழுதுகிறவர்களுக்கே தெரியாது. 17 வருடமாக உங்கள் வேலையைப் பார்க்காதவர்கள், நீங்கள் இல்லாததை மட்டும் இரண்டு வாரத்தில் எப்படிப் பார்ப்பார்கள்? எல்லோரும் தோற்பார்கள். தோற்றவர்களின் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சபையை விட்டுப் போவது நியாயமாகாது. வராமல் இருப்பதென்றால் காரணத்தைச் சொல்லிவிட்டு வராமல் இருங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டதில் நன்றி கிடைக்காத வருத்தம் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அலுப்பும் தெரிகிறது. உழைத்து உழைத்து உள்ளுக்குள் எரிந்துபோவதை, ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்பதைப் பற்றி முதன்முதலில் எழுதியவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974இல் அதை எங்கே கண்டார் தெரியுமா? நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில், மனமுவந்து உழைத்தவர்கள் நடுவில். பிறருக்காகத் தன்னைக் கொடுத்துவிட்டவர்களுக்கே அது வந்தது. "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்று மோசேயிடம் அவர் மாமன் எத்திரோ சொன்னது, வேலை மோசமாக நடந்ததால் இல்லை. ஒரே ஆள் காலையிலிருந்து சாயங்காலம்வரை செய்துகொண்டிருந்ததால்.

உங்கள் வேலைக்கு முடிவு என்று ஒன்று யாரும் வைக்கவில்லை. அதுதான் இதில் பெரிய பிழை என்று நினைக்கிறேன். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கில் சமையலறைப் பணிக்கு ஒரு முறை இருக்கிறது. எல்லோரும் வாரம் வாரமாக மாறி மாறிச் செய்யவேண்டும். பணி முடிகிறவர் பாத்திரங்களைச் சுத்தமாக ஒப்படைப்பார். ஞாயிறு காலை பணியை முடிப்பவரும் தொடங்குபவரும் எல்லோருக்கும் முன்பாக விழுந்து வணங்கி ஜெபத்தைக் கேட்பார்கள். சட்டி கழுவுவதற்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஆனால் அங்கே தொடக்கம் இருந்தது, முடிவு இருந்தது, யார் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நன்றியுரைப் பட்டியல் அங்கே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே போதகரிடம் பேசுங்கள். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று மத்தேயு 18:15 சொல்கிறபடி, தனியாக. ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் கைகுலுக்கும்போது வேண்டாம், வேறு ஆள் மூலமாகவும் வேண்டாம், நீளமான செய்தியாக எழுதியும் வேண்டாம். கேட்டு வாங்கிய ஒரு அரைமணி நேரம் போதும். என்ன சொல்வது? இப்படித் தொடங்கலாம்: "ஐயா, ஸ்தோத்திர ஆராதனையில் வாசித்த பெயர்களில் என் பெயர் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. மனதில் வைத்துக்கொண்டு மேஜையைத் தொட விருப்பமில்லை, அதனால்தான் சொல்ல வந்தேன்." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். "பரவாயில்லை, நான் அப்படி நினைக்கிறவள் இல்லை" என்று கடைசியில் சேர்த்து, சொன்னதை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள். அதே பேச்சில் இரண்டாவது காரியத்தையும் வையுங்கள்: வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் வேண்டும், உங்களுக்கு மூன்று மாத ஓய்வு வேண்டும், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று.

அந்த மூன்று மாதமும் சபைக்குப் போங்கள். போய் நடு வரிசையில் உட்காருங்கள். கிண்ணம் போதுமா, துணி கோணலாக இருக்கிறதா என்று எண்ணாமல் நீங்கள் கடைசியாகத் திருவிருந்து வாங்கியது எப்போது? பல சபைகள் திருவிருந்துக்கு வழங்கும் கிரேக்கப் பெயரின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதுதான். "ஸ்தோத்திரம்பண்ணி, அதைப் பிட்டு" என்று நம் வேதத்தில் வருகிற அந்தச் சொல்லிலிருந்து பிறந்தது. நன்றியின் மேஜையை 17 வருடம் விரித்த நீங்கள் அதில் விருந்தாளியாக எத்தனை நாள் இருந்திருக்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

வேறு சபைக்குப் போவதை இப்போது முடிவு செய்யவேண்டாம். போதகர் காதுகொடுத்துக் கேட்காமல், திரும்பத் திரும்ப உங்களைச் சிறுமைப்படுத்தினால் அப்போது யோசிக்கலாம், அது பாவம் இல்லை. ஒரு பெயர் விட்டுப்போனதற்காக மட்டும் போனால், புதிய இடத்திலும் கொஞ்ச நாளில் உங்கள் கையில் ஒரு துணியைக் கொடுப்பார்கள், இந்தக் காயத்தோடுதான் அதை விரிப்பீர்கள். தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, அழுகை நிற்காமல் இருப்பது இதெல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதை ஜெபத்தால் மட்டும் சமாளிக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

கற்றுக்கொடுத்த அந்த மூத்த அம்மாவைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். அவர் எத்தனை வருடம் அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டார்? 75ஆம் ஆண்டுப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததா? இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். நன்றி சொல்லத் தயங்குவது பற்றி அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள், அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பதைக் குறைத்து எண்ணுகிறார்கள். போய்ப் பாருங்கள். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். அவருக்கும் இப்படி ஒரு நாள் இருந்ததா என்று கேளுங்கள். எனக்கு அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

கடைசியாக, அந்தச் செய்தி. "வெள்ளைத் துணி எந்த அலமாரியில்?" உங்களுக்கு அது குத்தலாகப் பட்டது. ஆளைத் தேடவில்லை, துணியைத்தான் தேடுகிறார்கள் என்று. நான் அதை வேறு மாதிரி வாசித்தேன். அந்த ஞாயிறு ஒரு பெண் எல்லோருக்கும் முன்னால் வந்து, காலியான மேஜைக்கு முன் நின்றுகொண்டு, எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்திருக்கிறாள். உங்கள் வேலை எவ்வளவு பெரியது என்று அந்தச் சபையில் இன்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு இன்னும் பதில் போகவில்லை. இன்றைக்கே எழுதுங்கள்: இந்த அலமாரி, இந்தத் தட்டு, சாவி இங்கே. அடுத்த ஞாயிறு அரைமணி நேரம் முன்னால் வரமுடியுமா, மடிப்பு தெரியாமல் இஸ்திரி போடுவது எப்படி என்று காட்டுகிறேன், என்று.